அப்பாவுக்கு ஒரு கொய்யாக் கரண்டி

நான் முதன்முதலாகச் செதுக்கிய மரக்கரண்டியை மகளிடம் காட்டினேன். பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஷூ மாட்டுறதுக்குக் கடையில ஒரு கட்டை தருவாங்களே, அதுதானே இது?" என்றாள்.

"கரண்டிடி" என்றேன்.

"சரிம்மா, உப்பு ஜாடியில போட்டு வச்சுக்கலாம்" என்று ஆறுதல் சொன்னாள்.

அதில் உப்பும் நிற்கவில்லை. குழி தோண்ட வேண்டிய இடத்தில் ஆர்வக்கோளாறில் ஓட்டையே போட்டிருந்தேன்.

எல்லாம் தொடங்கியது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்த நாள்கள் அவை. பாளையங்கோட்டையில் மேட்டுப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் கொல்லையில் நின்ற கொய்யா மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முட்டுக் கொடுத்து நிமிர்த்தினோம். முறிந்து தொங்கிய இரண்டு கிளைகளை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது.

வெட்டிய கட்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அம்மா நட்ட மரம் அது. அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் அப்பா எங்களோடு வந்து இருக்கிறார்.

நான் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை திரையில் எண்கள். வேலை முடிந்ததும் கையில் போன், அதுவும் திரை. அப்படி ஒருநாள் ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் மரக்கட்டையிலிருந்து கரண்டி செதுக்குகிற வீடியோ வந்தது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. சரக், சரக் என்று சீவல் விழுகிற சத்தம் மட்டும். இருபது நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தேன். கொல்லையில் கொய்யாக் கட்டை கிடக்கிறதே என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மரக்கரண்டி நமக்கொன்றும் புதிதில்லை. என் ஆச்சி வீட்டு அடுப்படியில் சிரட்டை அகப்பைதான். தேங்காய்ச் சிரட்டையை வழவழவென்று சுரண்டி, மூங்கில் சிம்பைக் காம்பாகச் சொருகியிருப்பார்கள். களி கிண்ட மரத்துடுப்பு, மோர் கடைய மத்து, கீரை கடைய ஒரு மத்து. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்று நாம் தினமும் சொல்லுகிறோம். ஆனால் அந்த அகப்பை எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. ஸ்வீடன் பள்ளிகளில் மரவேலையும் தையலும் கட்டாயப் பாடம். 'ஸ்லோய்ட்' என்று பெயர். கணக்கு, அறிவியல் மாதிரி அதுவும் ஒரு பாடம். அந்த நாட்டு மோரா என்ற ஊர் கத்திக்குப் பேர் போனது. நம்ம பத்தமடை பாய்க்குப் பேர் போன மாதிரி.

வேல்ஸ் நாட்டில் இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்தில் இளைஞர்கள் தாங்கள் விரும்பிய பெண்ணுக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுப்பார்களாம். கார்டிஃப் நகரத்தின் பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில், 1667 என்று ஆண்டு பொறித்த காதல் கரண்டி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இதை என் கணவரிடம் ஆசையாகச் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் அவர். "அப்போ எனக்கு நீதான் செதுக்கித் தரணும். நான் உனக்குத் தர முடியாது, எனக்குப் பென்சில் சீவவே வராது" என்றார்.

கையில் சுமார் 3,000 ரூபாய் செலவாயிற்று. ஒரு நேர்க்கத்தி, குழி தோண்ட நுனி வளைந்த ஒரு கொக்கிக் கத்தி, ஒரு சின்னக் கைக்கோடாரி. கோடாரி வருவதற்குள் வீட்டு வெட்டரிவாளால் கட்டையைப் பிளக்கப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா காம்பவுண்ட் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டுல சண்டையா?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது வாரம் இடது கைக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். மூன்று தையல். கணவர் கத்தியை எடுத்து பீரோ மேல் ஒளித்து வைத்தார். அப்பா அதற்கும் மேல். "சவத்தைத் தூக்கித் தூரப் போடுளா. கடையில இருபது ரூவாய்க்குக் கரண்டி கெடைக்கு. கையை வெட்டிக்கிட்டு எவளாவது கரண்டி செய்வாளா?"

என்னைக் காப்பாற்றியது பின்தெரு ஆசாரி அண்ணாச்சி. எங்கள் வீட்டு நிலைக்கதவு செய்தவர். வயது எழுபதுக்கு மேல். தையல் போட்ட விரலோடு போய் நின்றேன். விரலைப் பார்க்கவில்லை, கத்தியை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை லேசாக வைத்தார். வழுக்கியது.

"கத்தி மழுங்குனாத்தாம்மா கையை வெட்டும். கூரா இருந்தா மரத்தை வெட்டும்."

புரியவில்லை. அவரே விளக்கினார். மழுங்கின கத்தி மரத்தில் ஏறாது. நாம் பலத்தைப் போட்டு அழுத்துவோம். அழுத்துகிற வேகத்தில் வழுக்கி விரலுக்கு வரும். கூரான கத்திக்கு அழுத்தம் தேவையில்லை, அது போகச் சொன்ன இடத்துக்குப் போகும், நில் என்ற இடத்தில் நிற்கும்.

அன்று சாணைக்கல்லில் தீட்டக் கற்றுக்கொடுத்தார். தீட்டிய பிறகு பழைய தோல் பெல்ட்டில் கத்தியைப் பின்பக்கமாக இழுத்து இழுத்துப் பதம் ஏற்ற வேண்டும். தாளை நிறுத்திப் பிடித்து வெட்டினால் கிழியாமல் அறுபட வேண்டும்.

இரண்டாவது பாடம் மரத்தின் ரேகை. மரத்தின் நார் ஒரு திசையில் ஓடுகிறது. அதை எதிர்த்துச் சீவினால் பிளந்துகொண்டு உள்ளே போகும். "தண்ணி எப்படி ஓடும்? மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தானே. கத்தியும் அப்படித்தான் போகணும்" என்றார். கரண்டியின் கழுத்து பள்ளம். அதற்கு இரண்டு பக்கமும் மேடு. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கழுத்தை நோக்கிச் சீவி நடுவில் சந்திக்க வேண்டும். குழிக்கும் அதே கணக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு. இந்த ஒரு வாக்கியம் தெரியாமல்தான் ஐந்து கரண்டிகளின் கழுத்தை நான் முறித்திருந்தேன்.

மூன்றாவது, உட்காருகிற விதம். தொடைக்கு நடுவில் வைத்துச் செதுக்கவே கூடாது. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கத்தி தவறி அங்கே பட்டால் உயிருக்கே ஆபத்து. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் கத்தி ஒரு அளவுக்கு மேல் ஓடாது. கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

நான்காவது பாடத்தை மரமே சொல்லிக்கொடுத்தது. முழு உருட்டாக வைத்திருந்த கிளைகள் எல்லாம் வெடித்துவிட்டன. மரம் காயும்போது நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது. சுற்றளவில்தான் அதிகம் சுருங்கும். நடுவில் இருக்கிற குருத்து அதற்கு இடம் கொடுக்காததால் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விடும். அதனால் பச்சையாக இருக்கும்போதே கோடாரியை நடுவில் வைத்து, கொட்டாப்புளியால் தட்டி, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தைச் சீவி எறிந்துவிட வேண்டும். பச்சை மரம் செதுக்கவும் மெத்தென்று இருக்கும். பாதி செதுக்கியதைச் சீவல்களோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தால் மெல்ல மெல்லக் காயும், வெடிக்காது.

பன்னிரண்டாவது கரண்டிதான் கரண்டி மாதிரி வந்தது. அதை அடுப்படியில் வைத்து சாம்பார் கிண்டியபோது இருந்த சந்தோஷத்தை எந்த மாதச் சம்பளமும் எனக்குத் தந்ததில்லை. தெருவில் யார் வீட்டில் மரம் கழித்தாலும் எனக்குத் தகவல் வர ஆரம்பித்தது. வேம்பு வந்தது, பலா வந்தது. ஒருவர் அன்போடு முருங்கைக் கட்டை கொண்டுவந்தார். முருங்கை பஞ்சு மாதிரி, ஒன்றுக்கும் உதவாது. அவர் மனசு நோகக் கூடாதே என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய நாள் யோசித்தேன். யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2024 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். கொல்லையில் உட்கார்ந்து ஒரு கரண்டிக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தேன். குழி எடுக்கிற கட்டம்தான் நுணுக்கமானது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஓட்டை. அப்பா காபி டம்ளரோடு பின்வாசல் படியில் வந்து நின்றார். டம்ளர் கீழே விழுந்தது.

"கை மரத்துப் போச்சுளா" என்றார்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பீங்கப்பா. கொஞ்சம் உதறி விடுங்க, சரியாப் போயிரும்."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் இன்னும் ஒன்றரை மணி நேரம் செதுக்கினேன். பிறகு குளித்து, சமையல். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லியே பத்தரைக்குத்தான். சாப்பிடக் கூப்பிடப் போனபோது அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொன்னார், குழறியது.

108-க்குப் போன் செய்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, தலையை ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டேகால். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. "எப்போ ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார். ஏழு மணி என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் அறிகுறி தெரிந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால், அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார். குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ திடீரென்று தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, இதில் ஒன்று இருந்தாலே போதும். உதறிவிடச் சொல்லாதீர்கள். உடனே கிளம்புங்கள்.

பதினோரு நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். பேச்சு ஒரு மாதத்தில் தெளிந்தது. ஊன்றுகோலோடு நடக்கவும் ஆரம்பித்தார். வலது கை மட்டும் வரவில்லை. மடக்க முடிந்தது, இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. விழுங்குவதில் பிரச்னை இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து எதையும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எப்படிச் சாப்பிடுவது?

அப்பா 31 வருஷம் பஸ் ஓட்டியவர். வழியோரக் கடைகளில் இலையில் சோற்றைக் குவித்துக் குழம்பூற்றிப் பிசைந்து சாப்பிட்டே வளர்ந்த உடம்பு. ஸ்பூனைத் தொட்டதே இல்லை. ஸ்டீல் ஸ்பூனைக் கையில் வைத்தால் விரலுக்கு நடுவே நழுவி, தட்டில் 'டங்'கென்று விழும். அந்தச் சத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் திரும்புவோம். நாங்கள் திரும்புவதைப் பார்த்ததும் அவர் தட்டைத் தள்ளிவிடுவார்.

"இடது கையால சாப்பிடுங்கப்பா, இப்போதைக்கு."

"இடது கை கியர் போடத்தாம்ளா. சோறு திங்க இல்ல."

நான் ஊட்டிவிட்டேன். மருமகன் அந்தப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். பேத்தி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்பார். 68 கிலோ இருந்தவர் இரண்டு மாதத்தில் 61-க்கு வந்தார்.

நான் கத்தியைத் தொடவில்லை. அன்று செதுக்கிக்கொண்டிருந்த கரண்டியைப் பரண்மேல் எறிந்திருந்தேன். சீவல் சத்தம் காதில் கேட்டாலே அந்த ஏழு மணிதான் ஞாபகம் வரும். அப்பா அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற தெரபிஸ்ட் பெண் ஒருநாள் அவர் ஸ்பூனைத் தவறவிடுவதைப் பார்த்தார். "அம்மா, காம்பு மெல்லிசா இருக்கு. கை முழுசா மடங்கலைன்னா தடிமனான காம்புதான் பிடிக்க வரும். ஸ்பூன்ல துணியையோ ஸ்பாஞ்சையோ சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினோம். பிடிக்க வந்தது. ஆனால் ரசம் பட்டு, ஊறி, மூன்றாம் நாளே நாறியது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு வீசி எறிந்தார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தடிமனான காம்பு. கீழே விழுந்தாலும் 'டங்' என்று சத்தம் போடாத கரண்டி. பன்னிரண்டு மணிக்கு எழுந்து கத்தியைத் தேடி எடுத்தேன். வாயில் துரு ஏறியிருந்தது.

மறுநாள் ஆசாரி அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தீட்டிக் கையில் கொடுத்து, "அப்பா எப்படி இருக்காவ?" என்று மட்டும் கேட்டார். எதற்குச் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். "கையை அளவெடுத்துக்கோம்மா. கதவுக்கே நெலையை அளக்கோம், கைக்கு அளக்க வேண்டாமா?" என்றார்.

கையை எப்படி அளப்பது? சப்பாத்தி மாவு பிசையும்போது வழி தெரிந்தது. கெட்டியாகப் பிசைந்து, கட்டை மாதிரி உருட்டி, அப்பாவிடம் நீட்டினேன். "இதைப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்கப்பா."

"மாவைப் பிடிச்சா கை சரியாயிருமாக்கும்" என்று முனகிக்கொண்டே பிடித்தார். விரல்கள் எங்கே பதிகின்றன, எங்கே பதியவில்லை என்று மாவில் தெளிவாகத் தெரிந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பலமாகப் பிடித்தன. கட்டைவிரலில் பலமே இல்லை.

முட்டுக் கொடுத்து நிறுத்திய கொய்யா அதற்குள் நன்றாகத் துளிர்த்திருந்தது. கைத்தடிமன் கிளை ஒன்றை வெட்டினேன். முதல் கரண்டிக்குக் காம்பை உருளையாகச் செய்தேன். அவர் கையில் அது உருண்டு, குழி கவிழ்ந்து, தயிர்ச்சோறு மடியில் விழுந்தது. "ஸ்டியரிங்கை ஒடச்சுக் கொண்டாந்துட்டியா?" என்றார். காம்பு உருளையாக இருக்கக் கூடாது, முட்டை வடிவில் தட்டையாக இருந்தால்தான் கையில் திரும்பாது என்று புரிந்தது.

இரண்டாவதற்குக் காம்பு சரியாக அமைந்தது. சுமார் 4 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் கனம். ஆனால் குழி ஆழமாகிவிட்டது. பார்க்க அழகு, வாயில் வைத்தால் பாதிச் சோறு உள்ளேயே தங்கியது. உதட்டால் வழித்து எடுக்க அவரால் முடியவில்லை. சாப்பிடுகிற கரண்டிக்குக் குழி ஆழமே வேண்டாம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு போதும். விளிம்பு மெல்லிசாக வேண்டும். இதெல்லாம் பன்னிரண்டு கரண்டி செய்தபோது தெரியவில்லை. அவற்றால் நான் குழம்புதான் கிண்டினேன், யாருக்கும் ஊட்டியதில்லை.

மூன்றாவது பிரச்னை மணிக்கட்டு. கரண்டியை வாய்வரை கொண்டுவருவார், ஆனால் வாய்ப்பக்கம் திருப்ப முடியாது. "தலைப்பகுதி இடது பக்கம் வளைஞ்சிருந்தா திருப்ப வேண்டாம்" என்றார் தெரபிஸ்ட். நேர்க்கட்டையில் வளைவாகச் செதுக்கினால் வளைவில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, எளிதில் முறிந்துவிடும். மரமே வளைந்திருந்தால் ரேகையும் சேர்ந்து வளையும், உடையாது. கொய்யாவில் அப்படி ஒரு கிளையைத் தேடி இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். வெள்ளத்தில் சாய்ந்த பிறகு, வெளிச்சத்தைத் தேடித் திரும்பி வளர்ந்த கிளை ஒன்று இருந்தது. அளந்து வைத்த மாதிரி வளைவு.

வளைவு பக்கவாட்டில் விழும்படி பிளந்தேன். இரண்டு பாதி. ஒன்று இடது பக்கம் வளைந்தது, இன்னொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி வலது பக்கம். வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று. அப்பா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நொட்டாங்கைக்காரனை வெளிய போடு" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

எட்டு நாள் ஆயிற்று. காய்ந்தபோது கனமும் நன்றாகக் குறைந்தது. உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீரில் நனைத்து, நார் சிலிர்த்து நின்றதும் காயவைத்து மறுபடி தேய்த்தேன். மூன்று தடவை இப்படிச் செய்தால் அப்புறம் ரசத்தில் நனைந்தாலும் சொரசொரக்காது. கடைசியில் சமையலுக்கு விற்கிற ஆளி விதை எண்ணெயைத் தடவி, காயவிட்டேன். பெயின்ட் கடையில் விற்கிற ஆளி எண்ணெய் வேண்டாம். சீக்கிரம் காய்வதற்காக அதில் ரசாயனம் கலந்திருக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். மரத்திலும் கவனம் வேண்டும். கொய்யா, பலா, வேம்பு சரி. வேம்பில் கொஞ்ச நாள் கசப்பு இருக்கும். அரளி, எட்டி பக்கம் போகவே கூடாது, விஷம்.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம். தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். கரண்டியைக் கையில் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் அந்தால போங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். நானும் மகளும் கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். 'டங்' வரவில்லை. ஒரு தடவை மட்டும் மரம் தட்டில் படுகிற மெல்லிய சத்தம். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். மடியில் கொஞ்சம், தட்டுக்கு வெளியே கொஞ்சம், மோவாயில் கொஞ்சம். தட்டில் சோறு இல்லை.

"ஊறுகாய் இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம்" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். மகள் பின்னாலேயே வந்து, "அம்மா, இது ஷூ மாட்டுற கட்டை இல்லம்மா" என்றாள்.

கரண்டி கையைக் குணமாக்கிவிடவில்லை. அந்தக் கை இன்றும் முழுதாக வரவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியாது. ஆனால் மூன்று வேளையும் தானே சாப்பிடுகிறார். இப்போது 65 கிலோ. மருமகனோடு ஒரே மேஜையில் உட்காருகிறார். பத்து நாளுக்கு ஒருமுறை கரண்டிக்கு எண்ணெய் தடவுவது அவர் வேலை. இடது கையால் தடவுகிறார். அதற்கு இடது கை பரவாயில்லையாம்.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு ஒண்ணு செதுக்கிக்கிட்டு இருந்தியே, அது எங்க?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "பரண்ல கிடக்குப்பா."

"முடிக்கலியா?"

"இல்லப்பா." அதற்கு மேல் தொண்டையில் நின்றதை அன்றுதான் சொன்னேன். "அன்னைக்கே உங்களைத் திரும்பிப் பார்த்திருந்தா..."

அவர் அடுத்த வாயைச் சாப்பிட்டு முடித்தார். நிதானமாகத்தான் சாப்பிடுவார்.

"எனக்கே தெரியலியேளா. நானும்தான் கை மரத்துருக்குன்னு போய்ப் படுத்தேன்" என்றார். பிறகு, "அரை வேலையாப் போடக் கூடாது. பாதி வழியில பஸ்ஸை விட்டுட்டு வீட்டுக்கு வர முடியுமா? எடுத்து முடி" என்றார்.

பரணிலிருந்து எடுத்தேன். காய்ந்து எலும்பு மாதிரி ஆகியிருந்தது. பச்சையில் ஒரு காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஐந்து நாள் பிடித்தது. ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் தீட்ட வேண்டியிருந்தது. விளிம்பில் முடி மாதிரி ஒரு வெடிப்பு இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழி அளவாக வந்திருக்கிறது.

உப்பு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். இதில் உப்பு நிற்கிறது.